சொட்டும் தண்ணீர் யாருடையது?

சிங்கப்பூரில் எங்கள் பேட்டை வசிப்போர் குழு ஒரு கையேடு போடலாம் என்று முடிவு செய்தது. எந்த விஷயத்துக்கு எந்த அலுவலகம், எண் என்ன, எப்போது திறந்திருக்கும் என்பதெல்லாம் ஒரே இடத்தில், நான்கு மொழிகளிலும். தமிழ்ப் பக்கங்கள் என் பொறுப்பில் வந்தன. கைக்குக் கிடைத்த முதல் வடிவம் சுத்தமாகத்தான் இருந்தது. வீவக (நம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), நகர மன்றம், தேசிய சுற்றுப்புற வாரியம், நிலப் போக்குவரத்து ஆணையம், தேசியப் பூங்காக் கழகம், பொதுப் பயனீட்டுக் கழகம் என்று வரிசையாகத் தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து வரிகள். பிழை என்று ஒரு வரியைக்கூடச் சுட்ட முடியாது. இருந்தும் படித்து முடித்தபோது மனசு ஒப்பவில்லை. எங்கள் புளோக்கில் ஆறாவது மாடியில் இருக்கும் பாட்டி கையில் இதைக் கொடுத்தால் அவர் எந்தப் பக்கத்தைத் திறப்பார்? இந்தக் கேள்வி அதற்கப்புறம் என்னை விடவே இல்லை.

அலுவலகங்களின் பெயரில் அடுக்கிய பட்டியல், தன் பிரச்சினை எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் உதவும். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எண்ணை இணையத்தில் தேடிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்கலாம். தெரியாதவருக்கு முன்னால் இருப்பது அலுவலகம் இல்லை. எரியாத விளக்கு, நாற்றமடிக்கும் குப்பைக் குழாய், இரவெல்லாம் சொட்டுகிற தண்ணீர். அங்கிருந்து தொடங்காத கையேடு அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

தரையில் தெரியாத கோடுகள்

நம் புளோக்குகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் ஓடுகின்றன. தாழ்வாரத்து விளக்கு, மின்தூக்கி, மாடியின் தண்ணீர்த் தொட்டி, கீழ்த்தளம், புல்வெளி எல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. மாதாமாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் இதற்குத்தான். பத்தடி தள்ளிச் சாலையோரத்தில் நிற்கும் விளக்குக் கம்பம் நிலப் போக்குவரத்து ஆணையத்தினுடையது. அதே சாலையோரத்து மரம் தேசியப் பூங்காக் கழகத்துடையது. புளோக்கின் புல்வெளிக்குள் இருக்கும் மரமோ நகர மன்றத்தினுடையது. பின்னால் ஓடும் பெரிய கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்தினுடையது. பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப் புழு நெளிந்தால் சுற்றுப்புற வாரியம் வரும். ஆனால் மரத்திலிருந்து மலைப்பாம்பு இறங்கினால் மறுபடியும் பூங்காக் கழகம்தான், ஏனென்றால் 2019 முதல் விலங்கு விவகாரங்களும் அவர்களிடம் இருக்கின்றன.

இந்தக் கோடுகள் ஊரறிந்த விஷயமானது 2014இல். அந்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், புக்கிட் கோம்பாக் ரயில் நிலையத்துப் பக்கம் கிடந்த மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசியது பலருக்கும் நினைவிருக்கும். ஒரே நடைபாதைப் பகுதி, ஆனால் இந்தப் பக்கம் ஓர் அமைப்பு, அந்தப் பக்கம் இன்னோர் அமைப்பு. குச்சி எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து யார், எப்போது எடுப்பார்கள் என்பது மாறும். அந்த ஆண்டுதான் நகராட்சிச் சேவை அலுவலகம் வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஒன்சர்விஸ் செயலி வந்தது. படத்தை எடுத்து இடத்தைக் குறித்து அனுப்பினால் போதும், யாருடையது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் சுமையைக் குடியிருப்பாளர் தோளிலிருந்து இறக்கிவைத்த வேலை அது. எங்கள் புளோக்கில் எரியாத விளக்குகள் பல அப்படித்தான் எரிந்தன.

ஆனால் செயலி பார்க்கும் இடம் பெரும்பாலும் கதவுக்கு வெளியே. கதவுக்கு உள்ளே நடப்பதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. பாட்டியின் தொல்லை கதவுக்கு உள்ளே இருந்தது.

ஆறாவது மாடிக் குளியலறை

பாட்டி வீட்டுக் குளியலறைக் கூரையில் பழுப்பு வட்டம் ஒன்று முதலில் தெரிந்திருக்கிறது. அப்புறம் சாயம் உப்பி உரிந்தது. அப்புறம் சொட்டத் தொடங்கியது. நான் போய்ப் பார்த்தபோது பாட்டி தன் கைவேலையாக ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். ஃபேர்பிரைஸ் பிளாஸ்டிக் பையை அகலமாகக் கிழித்து, நான்கு மூலைகளையும் ஒட்டுநாடாவால் கூரையில் ஒட்டி, நடுவில் ஒரு துளை போட்டு, அதிலிருந்து சணல் கயிற்றைத் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் கயிறு வழியாகவே இறங்கி வாளிக்குள் விழுந்தது. சத்தம் வராமலிருக்க வாளியின் அடியில் பழைய துண்டு. சொட்டுச் சத்தத்தில் பேரன் தூங்க முடியாது, இரவு ஷிஃப்ட் முடித்து வருகிற பிள்ளை என்றார். பையின் ஓரத்தில் உரிந்த கூரையில் சிமெண்ட் பெயர்ந்து உள்ளேயிருந்த கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது.

ஏன் பாட்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னேனே கண்ணு. மாசாமாசம் காசு கட்டுற எடத்துல போய்ச் சொன்னேன். வீட்டுக்குள்ள நடக்கறது எங்களது இல்லன்னாங்க. சரின்னு வந்துட்டேன்." அந்த முகப்பில் இருந்தவர் சொன்னது விதிப்படி சரியானதுதான். வீட்டுக்கு உள்ளே இருக்கும் கூரை பொது இடம் இல்லை. ஆனால் "எங்களது இல்லை" என்பது பாதிப் பதில். அப்படியானால் யாருடையது என்ற மறுபாதியைச் சொல்லாமல் அனுப்பினால், பாட்டி போன்றவர்கள் அதை "இல்லை" என்ற முழுப் பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் பையைக் கிழிப்பார்கள். அவர் தலைமுறைக்கு அலுவலகத்தில் மறு கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. மரியாதைக் குறைவாகப் போய்விடும் என்று நினைப்பார்கள்.

மேல் வீட்டுத் தரையும் கீழ் வீட்டுக் கூரையும் ஒரே கான்கிரீட் பலகைதான். மேல் வீட்டுக் குளியலறை ஓடுகளுக்கு அடியில் நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு ஒன்று உண்டு. வருஷங்கள் போனால் அது தேய்ந்துவிடும். தண்ணீர் மெல்ல ஊறி இறங்கும், கம்பி துருப்பிடித்து உப்பும், சிமெண்ட் பெயரும். யாரும் எதையும் உடைக்கவில்லை, கட்டடத்துக்கு வயதாகிறது, அவ்வளவுதான். வீவக விதிப்படி கசிவைக் கண்டறிந்து சரிசெய்வது மேல் வீட்டார், கீழ் வீட்டார் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு. இது தெரியாததால்தான் பெரும்பாலான சண்டைகள். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் குற்றவாளியாகப் பார்ப்பார். மேலே இருப்பவர் தன் வீட்டில் ஒரு சொட்டும் தெரியாததால் பழி சுமத்துகிறார்கள் என்று நினைப்பார். வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் செலவில் பாதியைக் கழகமே ஏற்கிறது, மீதிப் பாதியை இரு வீட்டாரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதாவது ஆளுக்குக் கால் பங்கு. எங்கள் புளோக்கில் நான் கேட்டவர்களில் மிகச் சிலருக்கே இது தெரிந்திருந்தது.

பாட்டிக்கும் கடிதம் வந்திருந்ததுதான் வருத்தம். அவர் பேரன் யாரிடமோ விசாரித்து வீவகவுக்கு எழுதிப்போட, கழகத்திலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்திருக்கிறது. பேரன் அப்போது வேலைக்காக வெளியூரில். பாட்டி கடிதத்தை பிரித்துக்கூடப் பார்க்காமல் கோங் குவான் பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தார். அந்த டின்னை என் முன்னால் திறந்து காட்டினார். மின்கட்டண ரசீதுகள், பலதுறை மருந்தகச் சீட்டுகள், தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்து அடையாள அட்டை, கடைகளில் செலவழிக்க அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு பற்றிய கடிதங்கள். அரசாங்க முத்திரை போட்ட உறை எல்லாம் அபராதமாக இருக்கலாம் என்ற பயம் அவருக்கு. பற்றுச்சீட்டுக் கடிதத்தையும் அந்தப் பயத்தோடுதான் டின்னுக்குள் போட்டிருந்தார். கைப்பேசியில் சிங்பாஸ் என்ற அரசாங்க அடையாளச் செயலி இல்லாதவர்கள் சமூக மன்றத்துக்குப் போனால் பற்றுச்சீட்டை அச்சிட்டுக் கொடுப்பார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நான் இருந்தேன், என் வீடு ரெண்டு மாடிதான் தள்ளி. ஆனால் அப்படி ஒரு பேச்சு எங்களுக்குள் வருவதற்குக் கூரை ஒழுக வேண்டியிருந்தது.

ஏழாவது மாடிக் கதவு

கடிதத்தைப் படித்தேன். அதிகாரி வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும், அப்புறம் இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். பார்வையிட வந்தவர் பொறுமையான மனிதர். கசிவு மேலிருந்துதான் என்று உறுதிசெய்தார், திட்டத்தை விளக்கினார், படிவத்தைக் கொடுத்தார். மேல் வீட்டில் தனியாக இருப்பவர் ஒரு சீனப் பெரியவர். அவருக்கும் அதே கடிதம் போயிருந்தது. பதில் இல்லை.

நான் போய்க் கதவைத் தட்டினேன், பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணை மாண்டரின் பேசத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. பெரியவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். கழகம் பாதி, நீங்கள் கால், அவர்கள் கால் என்று கணக்கைச் சொன்னோம். தலையாட்டினார். கையெழுத்து என்றதும், பார்க்கலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அடுத்த முறையும் அதே தலையாட்டல், அதே பார்க்கலாம். சட்டம் அவசரப் பழுதுகளுக்காக வீட்டுக்குள் நுழையும் அதிகாரத்தை 2015இல் கழகத்துக்குக் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வழிக்குப் போகலாமா என்றுகூட மனசில் ஓடியது. பாட்டிதான் வேண்டாம் என்றார். "நான் வர்றேன்" என்று சேலையை உதறிக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

கதவு திறந்ததும் பாட்டி பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், ஆரம்பித்தார். "தவுக்கே, ஆயேர் பொச்சோர்." முதலாளி, தண்ணீர் ஒழுகுது. பெரியவர் முகம் அப்படியே மாறியது. மாண்டரினில் அவருக்கு அவ்வளவு சரளமில்லை, ஹொக்கியன் என்ற வேறொரு சீனமொழி பேசுகிறவர். ஆனால் பாட்டியைப் போலவே அவரும் சின்ன வயதில் கம்பம் என்கிற அந்தக் காலக் கிராமத்திலும் சந்தையிலும் பாசார் மலாய் பேசி வளர்ந்தவர். எல்லோரோடும் பேச எல்லோருக்கும் இருந்த பொதுப் பேச்சு அது. வாசலில் நின்றபடியே ரெண்டு பேரும் பேசினார்கள், நான் பாதி புரிந்தும் புரியாமலும் நின்றேன். பிள்ளைகள் எங்கே, கால்வலி எப்படி, எந்த மருந்தகம் என்றெல்லாம் போன பேச்சு மெல்லக் குளியலறைக்கு வந்தது. அப்போதுதான் பெரியவர் சொன்னார். பணம் பெரிய விஷயமில்லையாம். தரையை உடைத்து, பூச்சு போட்டு, ஓடு பதித்து, காயவிட்டு முடிக்கும்வரை எங்கே குளிப்பது? மகன் வீடு ஜூரோங் பக்கம், தினமும் போய்வரக் கால் இடம்கொடுக்காது. சமூக மன்றத்தில் குளிக்க வெட்கம். இதை மாண்டரினில் ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

பாட்டி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மண்டி ருமா சாயா லா." என் வீட்டில் குளி. பேரன் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் வந்து குளித்துவிட்டுப் போ, சுடுதண்ணீர் இருக்கிறது என்றார். பெரியவர் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து படிவத்தை என் கையிலிருந்து வாங்கினார்.

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் பலரும் அந்தக் கால இன நல்லிணக்கம் என்று நெகிழ்ந்துவிடுகிறார்கள். நெகிழட்டும், தப்பில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. படிவத்தில் பெயர், வீட்டு எண், கையெழுத்து, தேதி எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பழுதுபார்க்கும் நாட்களில் எங்கே குளிப்பீர்கள் என்ற ஒரு கேள்வி அதில் இல்லை. திட்டம் நல்ல திட்டம், பணம் தயாராக இருந்தது, அதிகாரி அக்கறையானவர். இத்தனையும் இருந்தும் வேலை நின்றுகிடந்தது அந்த ஒரு கேள்வியால். அதைக் கேட்கக்கூடியவர் பக்கத்தில்தான் இருந்தார், அதுவும் அந்தத் தொல்லையால் அதிகம் அவதிப்பட்டவரே.

கையேட்டில் நான் கேட்டது

அடுத்த கூட்டத்தில் கையேட்டைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று கேட்டேன். முதல் பக்கத்திலிருந்து அலுவலகப் பெயர்கள் போகட்டும். "கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது", "மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டேன்", "பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்கவில்லை", "இந்த மாதம் கையில் காசில்லை" என்று மனிதர் வாயில் வருகிறபடியே தலைப்புகள் வரட்டும். யாரிடம் போவது என்பது அதற்குக் கீழே வரட்டும். சிலர் இது நீளும் என்றார்கள். நீளட்டுமே. பெரிய எழுத்தில் நீளமாக இருப்பதில் மூத்தோருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

ஒவ்வொரு தலைப்பின் கீழும் முகப்பில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். காட்டினாலே போதும், பேச வேண்டியதில்லை. அதோடு, கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டியது: "இது உங்களுடையது இல்லையென்றால், யாருடையது? எழுதிக் கொடுங்கள்." புகார் எண்ணை வாங்காமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது. அந்த எண் இருந்தால்தான் அடுத்த முறை முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.

சத்தத்தின் கீழே சமூக சமரச நிலையத்தை முதலில் போட்டிருக்கிறேன், 2015இல் வந்த சமூகப் பூசல் தீர்ப்பு மன்றத்தைக் கடைசியில். பலர் நேராகப் போலீஸை அழைக்கிறார்கள். மறுநாளும் அதே தாழ்வாரத்தில் முகம் பார்த்துத்தானே நடக்க வேண்டும்? உயிருக்கு ஆபத்து என்றால் தயங்கவே கூடாது: போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 995, அவசரமில்லாத ஆம்புலன்ஸுக்கு 1777. மின்தூக்கியில் மாட்டிக்கொண்டால் உள்ளேயே ஒட்டியிருக்கும் நகர மன்றத்தின் 24 மணி நேர எண்.

காசில்லை என்ற பக்கத்தைத்தான் அதிக நேரம் எடுத்து எழுதினேன். நம் குடும்பங்களில் இதைக் கேட்கத் தயங்கும் தயக்கம் ஆழமானது. சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் என்றால் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு என்பதோடு நின்றுவிடுகிறோம். பீட்டி ரோட்டில் அவர்களுடைய குடும்பச் சேவை நிலையமும் இருக்கிறது. பேட்டைக்குப் பக்கத்திலுள்ள சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசாங்க நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், 1800-222-0000 என்ற எண்ணிலும் கேட்கலாம். வேலை போனவர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் என்று யாராக இருந்தாலும் கேட்கலாம் என்று தெளிவாக எழுதினேன். கேட்பதால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்துக்கும் ஒரு வரி ஒதுக்கினேன்: தெரியாது, அது உங்களுக்கும் அதிகாரிக்கும் இடையில்.

நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பைப் பற்றிக் கூட்டத்தில் கொஞ்சம் வாக்குவாதம். 1955இல் அன்றைய முதலமைச்சர் டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த வழக்கம் அது, நம்மில் பலருக்கு அதுதான் முதல் வாசல். எழுதத் தெரியாதவருக்குத் தொண்டூழியர் உட்கார்ந்து கடிதம் எழுதித் தருகிற அந்த இரவுகளின் அருமையை நான் அறிவேன். இருந்தாலும் சொட்டுகிற கூரைக்கு அங்கே முதலில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடிதம் சுற்றிக்கொண்டு அதே மேசைக்குத்தான் வரும். நேராகக் கேட்டும் விதி இடம்கொடுக்கவில்லை, உங்கள் நிலைமையோ விதி எழுதியவர் நினைத்துப் பார்க்காதது என்றால் அப்போது போங்கள், கையில் புகார் எண்ணோடு. இது என் கருத்து என்று குறிப்பிட்டே கையேட்டில் போடச் சம்மதித்தார்கள்.

பழுதுபார்ப்பு முடிந்த பிறகு பாட்டியின் குளியலறையில் கைப்பிடிக் கம்பிகளும் வந்தன. 65 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர் இருக்கும் வீவக வீடுகளுக்கு, மூத்தோருக்கு ஏற்ப வீட்டை மாற்றித் தரும் ஈஸ் திட்டத்தில் கம்பி, வழுக்காத தரை, சாய்தளம் எல்லாம் செய்து தருவார்கள், வீட்டு வகையைப் பொறுத்து 95 விழுக்காடு வரை மானியம் உண்டு. பார்வையிட வந்த அதிகாரி, ஈரத்தரையில் பாட்டி நின்ற விதத்தைப் பார்த்துத் தானாகவே சொன்னார். அந்த மாதிரி ஒருவர் எல்லா முகப்பிலும் இருந்தால் எங்கள் கையேட்டுக்கு வேலையே இருக்காது.

இப்போது மேல் வீட்டுப் பெரியவருக்கும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கான பக்கம் இன்னும் பாக்கி. அவர்களுக்கு வீவகவே வீட்டுக்காரர் என்பதால் கசிவிலிருந்து கதவுப் பூட்டு வரைக்கும் கணக்கே வேறு. வாடகை புளோக்குகளில் தொண்டு செய்கிற தமிழர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். அங்கே மூத்தவர்கள் முதலில் கேட்கிற கேள்வி என்ன, அதை அவர்கள் எந்த வார்த்தைகளில் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். தலைப்புகளை அந்த வார்த்தைகளிலேயே போட்டுவிடலாம்.